அம்மா கயிறடித்த மூன்று மாதம்

உங்களோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் வயதுக்காரர்கள் நீங்கள். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இப்போது எல்லோருக்கும் வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, சீனியும் பிரஷரும் வந்துவிட்டன. அதனால் விடிந்தும் விடியாததுமாக 'தினமும் நடப்போம், மனக்கவலையை விரட்டுவோம்' என்று கைபேசியில் செய்தி அனுப்புகிறீர்கள். நான் மட்டும் ஒரு பதிலும் போடுவதில்லை என்று போன கிழமை ஒருத்தி குறைப்பட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடற்பயிற்சி மனதுக்கு நல்லது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பதினொரு வயதில் அதைக் கண்ணால் கண்டவள் நான். கண்டுவிட்டு, காணவில்லை என்று சொன்னவளும் நான்தான்.

அந்த வருடம் உங்கள் வகுப்புக்குப் பாதியில் வந்து சேர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளையை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அளவு பொருந்தாத சப்பாத்து, பெரியம்மாவின் மகள் போட்டுக் கழித்த சீருடை. அப்பா கந்தோருக்குச் சைக்கிளில் போன வழியில் ஷெல் விழுந்து செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரியப்பா வந்து அம்மாவையும் என்னையும் கொழும்புக்குக் கூட்டிவந்துவிட்டார். பெரியப்பா என்றால் அப்பாவின் தமையன். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவருடைய வீடு.

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஜன்னல் கண்ணாடிகள்தான். குண்டு வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்காமல் இருக்க, பெரியப்பா ஒவ்வொரு கண்ணாடியிலும் மண்ணிற ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவைத்திருந்தார். கடல் அதற்குப் பின்னால் துண்டு துண்டாகத் தெரியும். ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலு என்று ஆடும். கடல் காற்றில் உப்புக்கூடக் கட்டிபட்டுவிடும். கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் பொலிஸில் பதிந்த குடும்ப விபரத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கடைசி இரண்டு வரியாக, வேறு பேனாவால், அம்மாவின் பெயரும் என்னுடைய பெயரும் எழுதப்பட்டிருந்தன.

எங்களுக்கு ஹோலில் ஒரு மூலை. நடுவில் பழைய சேலை ஒன்றைக் கட்டி மறைத்திருந்தார்கள். அம்மா அங்கே மெத்தையில் சுவரைப் பார்த்தபடி படுத்தார். படுத்தார் என்றால், எழும்பவே இல்லை. தலை இழுக்கவில்லை. எண்ணெய் பழுதாகிப்போன அந்தத் தலைமயிரின் மணம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து ஏதாவது சொன்னால் "ம்" என்பார். சொல்லாவிட்டாலும் "ம்" என்பார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் முதல் மாதம் "பாவம், அழட்டும்" என்றார்கள். இரண்டாம் மாதம் "இன்னும் எழும்பேல்லையோ?" என்றார்கள். மூன்றாம் மாதம் வரவில்லை.

பெரியம்மா கெட்டவர் இல்லை. இதை நான் இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. அவர் தன் பிள்ளைகளுக்குப் போடும் அதே பால்மாவைத்தான் எனக்கும் போட்டார். ஒருநாள் அவர்தான் அம்மாவைக் கையில் பிடித்து எழுப்பினார்.

"பிள்ளை, எழும்பு. ஒண்டும் செய்ய வேண்டாம். இந்த உடுப்பை மட்டும் மேல கொண்டுபோய்க் காயப்போட்டிட்டு வா."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கியும் நாலைந்து கொடிக் கயிறுகளும் இருந்தன. அம்மா வாளியோடு ஏற, நான் கவ்விகளைக் கொண்டு பின்னால் போனேன். அங்கே நாலாம் மாடி உம்மா தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம் அது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவோம். கையில் தஸ்பீஹ் மணிமாலை. ஒரு சுற்றுக்கு ஒரு மணி உருட்டுவார். மூச்சு வாங்கும், ஆனால் நிற்கமாட்டார்.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? வாங்க, என்னோட சேந்து நடங்க. டொக்டர் எனக்கு நடக்கச் சொல்லீக்கிறார். ரோட்டுல நடக்க வெக்கமா ஈக்கிது. இங்க ஆரு பாக்கப் போற?"

அம்மா உடுப்பைக் காயப்போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். ஆனால் அடுத்த நாள் உடுப்பு இல்லாமலே மேலே போனார். அதற்கடுத்த நாளும் போனார். விடிய ஐந்தரை மணி, பெரியம்மா குளித்துச் சாமி விளக்கு ஏற்றுகிற நேரம். இரண்டு பெண்களும் ஒன்றும் கதைக்காமல் தாங்கியைச் சுற்றுவார்கள். நான் நித்திரைக் கண்ணோடு படியில் குந்தியிருப்பேன்.

ஒருநாள் உம்மா புதுக் கொடி கட்டினார். மிஞ்சிய நீல நைலோன் கயிறு கீழே கிடந்தது. அம்மா அதை எடுத்தார். கால் பாதத்தை நடுவில் வைத்து மிதித்து, இரண்டு முனையையும் இழுத்து நெஞ்சளவுக்குப் பார்த்தார். பிடிப்பதற்கு வசதியாக இரண்டு முனையிலும் வளையமாக முடிச்சுப் போட்டார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரக் சரக் என்று கயிற்றைத் தலைக்கு மேலால் சுழற்றி அடிக்கத் தொடங்கினார்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. அம்மாவின் கால்கள் நிலத்தில் பட்டும் படாமலும் துள்ளின. பன்னிரண்டாவது துள்ளலில் கயிறு காலில் தட்டி நின்றது. அவர் முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, என்னைப் பார்த்தார். அப்பா செத்த பிறகு அன்றைக்குத்தான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில கயிறடிச்சு ஓடுறதில மூண்டு வருசமும் நான்தான் முதலாவது" என்றார். "எண்ணினனியே?"

"பன்னிரண்டு, அம்மா."

"காணாது. இன்னும் அடிக்கோணும்."

அன்றிலிருந்து நான் எண்ணுகிற ஆள். ஒரு கிழமையில் நாற்பது. ஒரு மாதத்தில் இருநூறு. ரயில் வருகிற சத்தம் கேட்டால், பெட்டிக்குள் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தாங்கிக்குப் பின்னால் ஓடிக் குந்துவார். ரயில் போனதும் திரும்ப வருவார். துள்ளுகிற சத்தம் உம்மாவின் வீட்டு முகட்டில்தான் கேட்கும். "கேட்டா கேக்கட்டும், எங்கட ஊட்டாக்களுக்கு சுபஹ் தொழுகைக்கு எழும்ப அலாரம் தேவல்ல" என்பார் உம்மா. அம்மா சிரித்தார். ஓம், சிரித்தார்.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் பசி வந்தது. கயிறடித்துவிட்டு இறங்கினால் இரண்டு துண்டு பாண் கேட்டுச் சாப்பிடுவார். பிறகு நித்திரை வந்தது, இரவில் விம்மாத நித்திரை. தலைக்கு வார்த்தார். ஒரு பின்னேரம் என் கணக்குக் கொப்பியை இழுத்துப் பார்த்து, "உது என்ன பின்னம்? மாடு மேய்க்கிறவனும் உதைவிட வடிவாச் செய்வான்" என்று காதைத் திருகி ஏசினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏச்சு வாங்கிவிட்டுச் சேலை மறைப்புக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த ஒழுங்கையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு ரீச்சர் தேவை என்று உம்மாதான் சொன்னார். அம்மா அதைப் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா பேப்பரை மடித்தார்.

"ஆட்டைத் திவசம் முடியட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு வருடம் பெரிய வேலி. புருஷன் செத்த பெண் ஆண்டுத் திவசம் முடியும்வரை நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது, நாலு பேர் காணச் சிரிக்கக்கூடாது. அம்மாவுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. "நாலு மாதம்தானே" என்று அவர் எனக்குச் சொன்னார். எண்ணிப் பார்த்துக் காத்திருக்க அவருக்கு அப்போது ஒன்று இருந்தது.

ஆனால் கயிறு விஷயம் வெளியே போகக்கூடாது. அதில் அவர் உறுதியாக இருந்தார். "பெரியம்மா அறிஞ்சா உயிரோட விடமாட்டா. புருஷனைத் திண்டிட்டுக் குதிக்கிறாள் எண்டு சனம் சொல்லும். ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லோணும். என்னில சத்தியம் பண்ணு" என்று என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். கயிற்றை மாடியில் விட்டால் யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். அதனால் ஒரு பழைய தலையணை உறையில் சுற்றி மெத்தைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை மூட்டைப்பூச்சி என்று பெரியம்மா எல்லா மெத்தைகளையும் வெயிலில் போட வெளிக்கிட்டார். எங்கள் மெத்தையையும் தூக்கினார். உறை விழுந்தது. உள்ளே நீலக் கயிறு. இரண்டு முனையிலும் வளையம்.

பெரியம்மா போட்ட கூச்சலில் பெரியப்பா பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பின் ஒழுங்கையில், எங்களைப் போல ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செத்தவீட்டுக்குப் பெரியம்மா போய் வந்தவர். கயிற்றைக் கண்டதும் அவருக்கு வேறு என்ன தோன்றும்?

அம்மா குசினியிலிருந்து தேங்காய்ப்பூக் கையோடு வந்தார்.

"உது என்னடி? எனக்குச் சொல்லு, உது என்ன?" பெரியம்மா கயிற்றை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தப் பிள்ளையை நினைச்சுப் பாத்தியே?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ அக்கா, அப்பிடி இல்லை. நான்... கயிறடிக்கிறனான்."

"என்ன?"

"விடிய மேல போய்க் கயிறடிக்கிறனான். சின்னப் பிள்ளையள் மாதிரி. அடிச்சா மனசு லேசா இருக்கு, அக்கா."

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். முப்பத்தேழு வயது, கணவன் செத்து எட்டு மாதம், கயிறடிக்கிறேன் என்கிறாள். ஒன்றில் பொய் சொல்கிறாள், இல்லாவிட்டால் மூளை பிசகிவிட்டது.

"பிள்ளையைக் கேளுங்கோ, அத்தான்" என்றார் அம்மா. "அவள்தான் எண்ணுறவள்."

பெரியப்பா என் பக்கம் குனிந்தார். நுரை அவர் கன்னத்தில் காய்ந்து வெடித்திருந்தது. "ஓமோ, குஞ்சு? அம்மா மேல போய்க் கயிறடிக்கிறவவோ?"

"இல்லை" என்றேன். "எனக்குத் தெரியாது."

சத்தியம் பண்ணியிருந்தேன் அல்லவா. இப்படித்தான் நான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கையில் இருந்த தேங்காய்ப்பூவைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோனார்.

உம்மா அப்போது ஊரில் இல்லை, மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் காலிக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை அம்மாவை ஒரு டொக்டரிடம் கொண்டுபோனார்கள். நானும் போனேன். டொக்டர் அம்மாவிடம் பெயரும் வயதும் கேட்டார், மிச்சம் எல்லாம் பெரியம்மாவிடம் கேட்டார். பெரியம்மா அழுது அழுது சொன்னார். 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி இரண்டு நிறத்தில் குளிசை தந்தார்கள். விடிய ஒன்று, படுக்கும்போது இரண்டு. அம்மா விழுங்கினாரா என்று பெரியம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். மொட்டை மாடிக் கதவுக்கு ஒரு ஆமைப்பூட்டு வந்தது. நீலக் கயிற்றைப் பெரியப்பா கடலில் எறிந்துவிட்டு வந்து கை கழுவினார்.

அம்மா படுத்தார். இந்தமுறை அழவும் இல்லை. நாக்குத் தடித்து, கண் பாதி மூடி, கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். வந்த சொந்தக்காரர் எல்லோரும் "இப்ப எவ்வளவு அமைதி" என்று புகழ்ந்தார்கள். ஒரு மனிதரை உயிரோடு அடக்கிவைத்துவிட்டு அமைதி என்று சொல்ல எங்கள் சனத்துக்கு நன்றாக வரும்.

மூன்று கிழமை கழித்து உம்மா பேரப்பிள்ளைச் சந்தோஷத்தில் வட்டிலாப்பம் கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மாவைக் கேட்டார். பெரியம்மா குரலைத் தாழ்த்திக் கயிற்றுக் கதையைச் சொன்னார். உம்மா நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

"யா அல்லாஹ், அது நான் குடுத்த கயிறு! அந்தப் புள்ள ஸ்கிப்பிங் அடிக்கிற. எண்ட கண்ணால ஒவ்வொரு நாளும் பாக்கிற. நல்லா வந்திட்டு ஈந்த புள்ள, என்னத்துக்கு மருந்து குடுத்தீங்க?"

பெரியம்மா சிரித்துக்கொண்டே வட்டிலாப்பத்தை வாங்கினார். நன்றி சொன்னார். கதவைச் சாத்தினார். நான் மறைப்புச் சேலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இனி எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன். பெரியப்பா வேலையால் வந்ததும் பெரியம்மா சொன்னார்.

"உண்மையாத்தான் கயிறடிச்சிருக்கிறாள்."

பெரியப்பா சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார். "அப்ப குளிசையை நிப்பாட்டுவமே?"

"நிப்பாட்டிப்போட்டு? புருஷன் செத்து ஆட்டை திரும்பேல்ல, மொட்டை மாடியில துள்ளினவ எண்டு சனத்துக்குச் சொல்லுறதோ? எங்கட பெட்டையளையும் நாளைக்குக் கட்டிக் குடுக்கோணும். மூளை வருத்தம் எண்டே இருக்கட்டும். வருத்தத்துக்கு ஒருத்தரும் குறை சொல்லாயினம்."

பெரியப்பா துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். சேலைக்கு அந்தப் பக்கம் அம்மா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். வட்டிலாப்பத்தை அன்றிரவு எல்லோருக்கும் பங்கு வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆட்டைத் திவசம் முடிந்தது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு வேறு ரீச்சர் வந்துவிட்டார். உம்மா குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போனது. வருடங்கள் அப்படியே போயின. நான் படித்து, ஒரு கந்தோரில் வேலை எடுத்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் தனி வீடு வந்தேன். அதற்குள் அம்மாவுக்குக் குளிசை இல்லாமல் நித்திரை இல்லை. உடம்பு ஊதி, முழங்கால் வீங்கி, சீனியும் வந்துவிட்டது. ரீவிக்கு முன்னால் இருப்பார். எந்த நிகழ்ச்சி என்று கேட்டால் தெரியாது என்பார். நான் கணக்கில் பிழைவிட்டால் ஏச ஒரு ஆள் இல்லாமல்தான் வளர்ந்தேன்.

யுத்தம் முடிகிற காலத்தில் ஒரு கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போனேன். புதிதாகப் படித்து வந்த ஒரு டொக்டர்ப் பிள்ளை. நல்ல பிள்ளை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே கதைத்தாள்.

"அம்மா, ஒவ்வொரு நாளும் ஏதாவது எக்ஸசைஸ் செய்யோணும். ஏலுமானளவு நடவுங்கோ. உடம்புக்கு மட்டுமில்லை, மனசுக்கும் அது பெரிய மருந்து."

"மனசுக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், அம்மா."

அம்மா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, இருபது வருடத்தில் முதன்முறையாக, என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப நீ ஏன் பிள்ளை அண்டைக்கு இல்லையெண்டு சொன்னனி?"

நான் கிளினிக் கொப்பியை மடித்தேன். "நீங்கள்தானே அம்மா... ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லச் சொல்லி சத்தியம் வாங்கினனீங்கள்."

அம்மா தலையை ஆட்டினார். "ஓம் என்ன. நான்தான் சொன்னனான். என்ர பிழைதான்." பிறகு டொக்டர்ப் பிள்ளையிடம் அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டார்.

இதுவரை நான் ஒன்றை விட்டுவிட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பெரியப்பா குனிந்து கேட்டபோது அந்தச் சத்தியம் என் ஞாபகத்தில் இருக்கவே இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் இடைவேளையில், எதிர்க் கட்டடத்தில் இருந்த நம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உங்கட அம்மாவுக்கு விசரோ? மொட்டை மாடியில சேலையைத் தூக்கிக்கொண்டு துள்ளுறா." நீங்கள் சிரித்தீர்கள். யார் கேட்டது என்று சொல்லமாட்டேன், அவளும் அப்போது பதினொரு வயதுப் பிள்ளைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா துள்ளக்கூடாது, மற்ற அம்மாக்களைப் போலச் சும்மா இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதனால்தான் இல்லை என்று சொன்னேன்.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஓட்டோவில் அம்மா என் தோளில் தலையைச் சாய்த்திருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம் இருந்தார், எந்த நாளும் சொல்லியிருக்கலாம். தன்னுடைய பிழை என்று நினைத்துக்கொண்டே அம்மா கண்ணை மூடினார், நான் அப்படியே விட்டுவிட்டேன்.